எழுது, தாக்கல் செய், எழுந்து நில்!

“எங்க வீட்டுல யாரும் வக்கீல் கிடையாது சார். இங்கிலீஷ் தடுமாறும். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தாலே நாக்கு வறண்டுடும். நான் போய் கவர்ன்மென்ட்டை எதிர்த்து ரிட் போட்டு ஜெயிக்கவா?”

கறுப்பு கோட்டு தைத்த கையோடு, தம்புச் செட்டித் தெருவில் ஏதோ ஒரு சேம்பரில் மூலை நாற்காலி பிடித்திருக்கும் இளைஞர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். மதுரை உலகநேரியிலும் இதே கேள்விதான். அரியலூர் கோர்ட்டு வாசல் டீக்கடையிலும் இதே கேள்விதான். கேட்கும்போதே தோள் ஒடுங்கிப் போகிறது. தம்பி, தங்கை, முதலில் அந்தத் தோளை நிமிர்த்து! மனித உரிமை வழக்கை, அரசை எதிர்த்துப் போடும் ரிட் வழக்கை, பரம்பரை வக்கீல்களுக்கு யாரும் பட்டா போட்டுக் கொடுத்துவிடவில்லை.

ஜெயிப்பாய் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்கப் போவதில்லை. இந்தத் துறையில் அப்படி வாக்குக் கொடுப்பவர் பொய் சொல்கிறார். நான் கொடுக்கும் வாக்கு வேறு. நடந்ததை நடந்தபடி எழுதி, அபிடவிட்டாக்கி, நம்பர் வாங்கி, நீதிமன்றப் பதிவில் ஏற்றிவிட்டாயா? அன்றைக்கு நீ தோற்றுப்போனாலும் அந்தப் பதிவு சாகாது. உனக்குப் பிறகும் அது வழக்காடும். இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் சென்னை மாகாணத்து வழக்கே இருக்கிறது.

1950. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து நாலு மாதம்கூட முடியவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்தார். ஓர் உத்தரவு விழுந்தால் இன்னொன்று, அது விழுந்தால் மற்றொன்று என்று போட்டுப் போட்டு, கடைசியில் அந்த ஆண்டு புதிதாகப் பிறந்த தடுப்புக் காவல் சட்டத்தில் அடைத்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக எழுந்து நின்றவர் எம்.கே. நம்பியார். ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்க, சட்டமன்றமோ நாடாளுமன்றமோ நிறைவேற்றிய ஒரு சட்டம் கையில் இருந்தால் மட்டும் போதாது. அந்தச் சட்டம் வகுக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும். அடிப்படை உரிமைகளைத் தனித்தனியாகப் பிய்த்துப் படிக்காமல் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஆறு நீதிபதிகள் கேட்டார்கள். மே 19 அன்று தீர்ப்பு வந்தது. கோபாலன் தோற்றார். நீதிபதி பசல் அலி ஒருவர்தான் அந்த வாதத்தை ஏற்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

அந்தத் தோல்விக்குள்ளும் ஒரு வெற்றி இருந்தது, பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறார்கள். காவலில் வைத்ததற்கான காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடுவதையே தடுத்து வைத்திருந்தது அந்தச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. அது செல்லாது என்று அன்றைக்கே தீர்ப்பானது. வாய்ப்பூட்டு உடைந்தது! அது உடைந்திருக்காவிட்டால் பின்னால் வந்த எந்தக் கைதியும் தன்னை ஏன் அடைத்தார்கள் என்பதை நீதிபதிக்குக் காட்டியே இருக்க முடியாது.

மீதி வாதம் என்னவாயிற்று? 1970-இல் வங்கிகள் தேசியமயமாக்கல் வழக்கில் பதினோரு நீதிபதிகள் உட்கார்ந்து கோபாலன் தீர்ப்பின் அடித்தளத்தை அசைத்தார்கள். 1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை முழுக்கச் சாய்த்தது. நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், தன்னிச்சையாக இருக்கக் கூடாது, உரிமைகளைச் சேர்த்தே படிக்க வேண்டும் என்றது. 28 ஆண்டுகள்! நம்பியார் 1975-இலேயே காலமாகிவிட்டார். இன்றைக்கு ஜாமீன் கேட்கும்போதும், குடியிருப்பை இடிக்க வருபவர்களைத் தடுக்கும்போதும், சிறையில் அடி வாங்கியவனுக்கு வைத்தியம் கேட்கும்போதும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு என்று நீ சொல்கிறாயே, அது நம்பியார் தோற்ற வாதம். அதைத்தான் நீ தினமும் ஜெயித்துக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். நெருக்கடி நிலைக் காலத்தில் காவலில் இருந்தவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் துணிந்து சொல்லின. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மறுத்தது. அந்த விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரலிடம் ஒரு கேள்வி கேட்டார். போலீஸ்காரர் ஒருவர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூட நீதிமன்றத்தில் வழியில்லையா? தம் வாதப்படி இல்லை என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. அந்த ஒரு கேள்வியிலேயே அரசின் வாதம் அம்மணமாக நின்றது. கன்னாவுக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி 1977 ஜனவரியில் அவரைத் தாண்டிப் போனது. அவர் ராஜினாமா செய்தார். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்த 1976 தீர்ப்பு செல்லாது என்றானது. கன்னாவின் மாறுபட்ட தீர்ப்புதான் வழிகாட்டியாக நின்றது. பதவியை அவரிடமிருந்து பறிக்க முடிந்தது. அவர் எழுதியதை யாராலும் பறிக்க முடியவில்லை.

“அதெல்லாம் பெரிய மனுஷங்க சார்” என்பாய். சரி, கபிலா ஹிங்கோரானியைப் பார். 1979 ஜனவரியில், பீகார் சிறைகளில் விசாரணை முடியாமலே கிடக்கும் கைதிகளைப் பற்றி கே.எப். ருஸ்தம்ஜி இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். லட்சக்கணக்கானோர் அதைப் படித்தார்கள், பலர் உச்சுக்கொட்டினார்கள், பக்கத்தைப் புரட்டினார்கள். டெல்லியில் வக்கீலாக இருந்த இந்த அம்மா புரட்டவில்லை. பாட்னாவிலும் முசாபர்பூரிலும் அடைபட்டுக் கிடந்தவர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வக்காலத்து கொடுத்த கட்சிக்காரர் யாருமில்லை, பீஸ் கிடையாது, பாதிக்கப்பட்டவர் அல்லாத ஒருவர் இப்படி வரலாமா என்பதே அப்போது கேள்வியாக இருந்தது. மனு ஹுசைனாரா காத்தூன் வழக்காயிற்று. சாட்டப்பட்ட குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று தீர்ப்பாகி, சுமார் 40,000 பேர் வெளியே வர அது வழிசெய்தது. ஒரு செய்தித்தாள் கட்டுரை, ஒரு மனு!

அவர் அதோடு ஓய்ந்து உட்காரவில்லை. ருதுல் ஷா என்பவரை 1968-இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. சிறை அவரை 1982-இல்தான் விட்டது. நடுவே போன 14 ஆண்டுகளுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டு 1983-இல் கபிலா அவருக்கு இழப்பீடு வாங்கிக் கொடுத்தார். மொத்தம் 35,000 ரூபாய். தொகை சொற்பம்தான், எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அடிப்படை உரிமையைப் பறித்த அரசு ரிட் வழக்கிலேயே பணம் கட்ட வேண்டும் என்ற கதவு அங்கேதான் திறந்தது. காவல் மரணத்துக்கு, பொய் வழக்குக்கு இன்று நீ கேட்கும் ஒவ்வொரு இழப்பீட்டுக்கும் அந்த 35,000-தான் ஆரம்பம்.

இங்கிலீஷ் வரவில்லை என்ற பயத்தை இப்போதே தூக்கி எறி. அபிடவிட்டுக்கு அலங்காரம் தேவையில்லை. யார், எங்கே, எப்போது, யாரை, என்ன செய்தார்கள். அதற்குக் காகிதம் எது. அதனால் எந்த உரிமை போயிற்று. இவ்வளவுதான். சின்னச் சின்ன வாக்கியமாக எழுது. நீட்டி முழக்குகிறவரைவிடத் தேதியைச் சரியாகச் சொல்கிறவரைத்தான் நீதிபதி உற்றுக் கேட்பார். உயர் நீதிமன்றத்தின் மொழி இன்னும் ஆங்கிலம்தான்; தமிழ் வேண்டும் என்ற போராட்டம் நியாயமானது, அது நடக்கட்டும். அதுவரை உன் கட்சிக்காரரின் கண்ணீரை நீதிபதிக்குப் புரிகிற மொழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது உன் வேலை, தினம் ஒரு தீர்ப்பை வாய்விட்டுப் படித்தால் ஒரு வருஷத்தில் அது கைவரும்.

உன் தமிழ் எங்கே ஆயுதமாகிறது தெரியுமா? குண்டர் சட்ட வழக்குகளில்! தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டம். விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்கலாம். ஆலோசனைக் குழு முன்னால் வக்கீல் ஆஜராகும் உரிமைகூடக் கிடையாது. எல்லாக் கதவும் அடைத்த மாதிரித் தெரியும். ஆனால் காவலில் வைக்கப்பட்டவருக்கு ஒரு புக்லெட் கொடுத்தே ஆக வேண்டும், அரசமைப்புச் சட்டத்தின் 22(5) பிரிவு அப்படிக் கட்டாயப்படுத்துகிறது. காவலுக்கான காரணங்கள், ஆதாரங்கள், அவருக்குத் தெரிந்த மொழியில் அதன் மொழிபெயர்ப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அந்த புக்லெட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார். இரவு எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ், வரிக்கு வரி விரல் வைத்துப் படி. ஆங்கிலத்தில் ஜாமீன் மனு நிலுவையில் என்றிருக்கும், தமிழில் தள்ளுபடி என்றிருக்கும். ஏதோ ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்ததில் மை அப்பி ஓர் எழுத்தும் தெரியாது. கைதான தகவலை வீட்டுக்குச் சொன்னதாக இருக்கும், யாருக்கு எப்போது சொன்னார்கள் என்பதற்குச் சீட்டு இருக்காது. இதே மாதிரி வழக்கில் இன்னொருவருக்கு ஜாமீன் கிடைத்ததால் இவரும் வெளியே வந்துவிடுவார் என்று எழுதியிருப்பார்கள். அந்த இன்னொரு வழக்கை எடுத்துப் பார்த்தால் பிரிவே வேறாக இருக்கும். குடும்பத்தார் அனுப்பிய முறையீட்டின் மேல் எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கினார்கள் என்று தேதி தேதியாகக் கணக்குப் போடு. இத்தகைய பிசகுகளுக்காகவே சென்னை உயர் நீதிமன்றம் காவல் உத்தரவுகளை வரிசையாக ரத்து செய்திருக்கிறது. பெரிய சீனியரின் குரல் கம்பீரம் செய்யாததை விரல் வைத்துப் படித்த ஜூனியர் செய்கிறார். அரசாங்கம் அவசரத்தில் தைத்ததை நிதானமாகப் பிரித்துக் காட்டும் பொறுமைதான் இந்தத் தொழிலில் வீரம்.

பொறுமை என்றேன். அதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் அரூர் பக்கம் போ. சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள். வீடுகளை உடைத்தார்கள். தானியங்களைப் பாழாக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பிறகு அந்த மக்களையே குற்றவாளியாக்கினார்கள். 90 பெண்களும் 28 குழந்தைகளும் சிறைக்குப் போனார்கள். வெளியுலகத்துக்கு விஷயமே தெரியாது. தெரிந்த பிறகும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் அரசு சொன்னது.

மலைவாழ் மக்கள் சங்கத்துத் தோழர்கள் ஊருக்குள் போய்ப் பார்த்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது, அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய் விசாரித்து எழுதிய அறிக்கை வலு சேர்த்தது. 1995-இல் சிபிஐ விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லாரும் அரசு ஊழியர்கள். படிப்பறிவில்லாதவர்கள், என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று எவரும் எண்ணியிருக்கக்கூடிய அந்தப் பெண்கள், வரிசையில் நிற்க வைத்த ஆட்களின் முன்னால் போய் நின்று, இவன்தான், இவன்தான் என்று அடையாளம் காட்டினார்கள். கூண்டில் ஏறினார்கள். குறுக்கு விசாரணையில் வக்கீல்கள் எப்படியெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதையும் தாங்கினார்கள். அதற்குள் அவர்களில் சிறுமியாக இருந்தவர்கள் தாயானார்கள்.

2011 செப்டம்பர் 29. தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு. 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூடத் தப்பவில்லை! மேல்முறையீடு. 2023 மார்ச்சில் நீதிபதி வேல்முருகன் தாமே ஊருக்குப் போய் இடத்தைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29, அதே தேதியில், தண்டனைகளை உயர் நீதிமன்றம் உறுதிசெய்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. 31 ஆண்டுகள்.

இப்போது எனக்குப் பதில் சொல். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண் ஒருத்தி ஓர் அரசாங்கத்தின் மூன்று துறைகளைப் பார்த்து இவன்தான் என்று விரல் நீட்ட முடிந்தது. சட்டம் படித்து, கோட்டு மாட்டி, பார் கவுன்சில் பதிவு எண்ணும் வாங்கிய உனக்கு எழுந்து நிற்க நாக்கு வறள்கிறதா? வறளட்டும். வறண்ட நாக்கோடு பேசு. அந்தப் பெண்ணுக்கும் வறண்டுதான் இருந்திருக்கும்.

வயிற்றுப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் நீ விடமாட்டாய், கேட்கத்தான் வேண்டும். இந்த வழக்குகள் உன்னைப் பணக்காரனாக்காது. அடுப்பு எரிய ஜாமீன் மனுக்களும் எம்.சி.ஓ.பி.க்களும் இருக்கட்டும், அதில் வெட்கம் என்ன இருக்கிறது? அந்த வருமானத்தில் நின்றுகொண்டு மாதம் ஒரு உரிமை வழக்கை எடு. அதை உன் மிகச் சிறந்த வேலையாகச் செய். இலவசம்தானே என்று அரைகுறையாகச் செய்தால் அந்த ஏழையின் ஒரே வாய்ப்பை நீ வீணாக்கிவிட்டாய் என்று அர்த்தம். வயதாகிவிட்டது என்று யாராவது சாக்குச் சொன்னால் பாலகோபாலைக் காட்டு. வாரங்கல் காகதீயப் பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர், ஆந்திராவில் மனித உரிமைக்காக அலைந்தவர், நாற்பது வயது தாண்டிய பிறகு வக்கீலாகி, 2009-இல் இறக்கும் வரை ஏழைகளுக்காக வழக்காடினார்.

சென்னைக்கு வந்தால்தான் இதெல்லாம் முடியும் என்றும் எண்ணாதே. 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் மாவட்டத்திலேயே மனித உரிமை நீதிமன்றத்துக்கு இடம் வைத்திருக்கிறது. அதை உயிரோடு வைத்திருக்க வேண்டியவன் அந்த மாவட்டத்து வக்கீல்தான். உன் ஊர்க் கிளைச்சிறைக்குப் போ. முதல் தடவை வழக்கில் சிக்கி, அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டவர்கள் அங்கே இருக்கிறார்களா பார். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக, அப்படிப்பட்டவரை வெளியே விட வேண்டும் என்கிறது புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு. கபிலா ஹிங்கோரானி 1979-இல் தொடங்கிய வேலை உன் ஊரில் இன்னும் பாக்கி இருக்கிறது.

மிரட்டுவார்கள். போனில் கூப்பிட்டு, “வக்கீல் சார், சின்ன வயசு, எதுக்கு வம்பு” என்று அன்பாகப் பேசுவார்கள். அந்த போன் வந்த தேதியையும் நேரத்தையும் எழுதி வை. அதுவும் பதிவுதான்.

நாளைக்கோ மறுநாளோ உன் சேம்பர் வாசலுக்கு ஒரு தாய் வருவாள். “நேத்து சாயங்காலம் பையனக் கூட்டிட்டுப் போனாங்க, இன்னும் விடல சார்” என்பாள். உட்கார வை. தண்ணீர் கொடு. எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள் என்று முதலில் கேள். எந்த வண்டி, எத்தனை பேர், யூனிபார்மிலா மப்டியிலா, பக்கத்து வீட்டில் யார் பார்த்தார்கள், எந்த ஸ்டேஷன் என்று கேள். கைது செய்ததற்கான குறிப்பில் நேரம் எழுதி, குடும்பத்தவர் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவரின் கையெழுத்து வாங்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அந்தக் குறிப்பு அவளிடம் இருக்கிறதா என்று பார். இல்லை என்றால் அந்த இல்லாமைதான் உன் மனுவின் முதல் பத்தி. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். மணி பார். ஸ்டேஷன் சிசிடிவி பதிவு 18 மாதம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உத்தரவாகியிருக்கிறது. அதை அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்று இரவே தந்தி மாதிரிச் சுருக்கமாக எஸ்.பி.க்கு இமெயில் அனுப்பு. டைப் அடி. அந்த அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டு, அவள் சொன்னதில் ஒன்றும் விடுபடவில்லை என்று அவள் வாயால் சொல்லட்டும். கையெழுத்தோ கைநாட்டோ வாங்கு. விடிந்ததும் பைலிங் கவுன்ட்டரில் முதல் ஆளாக நில். பத்தரை மணிக்கு நீதிபதிகள் வந்து உட்கார்ந்ததும் எழுந்து, “மை லார்ட்ஸ், ஆட்கொணர்வு மனு, மிக அவசரம்” என்று மென்ஷன் பண்ணு. பக்கத்தில் பெரிய சீனியர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். உட்காராதே. உத்தரவு வரும் வரை நில்.